பவளத்தின் மூக்கு

முருகன் துணை

புக்கிட் செலாசி தோட்டம்,
ஜாசின்.
12-4-1951

சௌபாக்கியவதி கமலவேணிக்குத் தாய்மாமன் காளிமுத்து மனம் நிறைய ஆசி சொல்லி எழுதுவது. நானும் உன் அத்தை அன்னம்மாவும் இங்கே கல்லு மாதிரி சுகமாக இருக்கிறோம். உன் தலைவலி விட்டதா, ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று எழுது.

பஸ் டிரைவர் தம்புசாமி வசம் ஒரு கூண்டும் அதற்குள் ஒரு கிளியும் அனுப்பியிருக்கிறேன். உன் வீட்டுக்காரர் கணேசமூர்த்தி போன வருஷம் பட்டமரப் பொந்திலிருந்து குஞ்சாக எடுத்து என் வீட்டில் விட்டாரே, அதுதான். அவர் கடைக்கு ஆர்டர் எடுக்க வாராவாரம் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தபோதெல்லாம் அவர் கையால் வாழைப்பழம் தின்று வளர்ந்தது. மாப்பிள்ளை காணாமல் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. வெறும் வீட்டில் உனக்குத் துணையாக ஒரு உயிராவது இருக்கட்டும்.

இது பெண் கிளி. எழுதி வைத்துக்கொள். ஆண் கிளிக்குக் கழுத்தில் வளையம் இருக்கும். இதற்கு இல்லை. இந்த விஷயத்தில் ஜாசின் வட்டாரத்திலேயே என்னை மிஞ்ச ஆளில்லை. போன துரையின் சம்சாரம் ஜோடிக்கிளி வாங்கிவிட்டு, எது ஆண் எது பெண் என்று தெரியாமல் சிங்கப்பூரிலிருந்து டாக்டரையே வரவழைத்தாள். அவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தும் வேர்த்துப்போனார். நான் வேலிக்கு வெளியே நின்றபடியே, “மேடம், ரைட் மேல், லெப்ட் பீமேல்!” என்றேன். டாக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டார். மூன்றாம் வகுப்போடு நான் நின்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் நஷ்டம்.

பெண் கிளி பேசாது. அது கிளி சாதியின் சட்டம். அதனால் இதன் எதிரே நீ என்ன பேசினாலும், எவ்வளவு அழுதாலும் வெளியே போகாது. பவளம் என்று பெயர் வைத்தேன். மூக்கு கரிக்கட்டை மாதிரி இருக்கிறது, பெயராவது சிவப்பாக இருக்கட்டும்.

ஒரு சின்னப் பழக்கம் மட்டும் உண்டு. மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில் கூண்டுப் பலகையை மூக்கால் தட்டும். அந்த நேரத்தில் ஒரு துணியைப் போட்டு மூடிவிடு.

காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்காக எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி வேலி முழுசாகப் போட்டாகிவிட்டது. இரண்டு வாசல், இரண்டிலும் காவல். ராஜா கோட்டையில்கூட இந்தப் பந்தோபஸ்து கிடையாது. மாப்பிள்ளை திரும்பி வரும்போது நீ குங்குமமும் பூவுமாக இருக்க வேண்டும். அதுதான் என் ஆசை.

உன் நலம் கோரும்,
காளிமுத்து

*

தெங்கேரா, மலாக்கா.
29-4-1951

மாமாவுக்கும் அத்தைக்கும் கமலவேணி வணங்கி எழுதுவது. தலைவலி பரவாயில்லை. உங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றும் இல்லையே?

பவளம் வந்து சேர்ந்தது. வந்த அன்று ஒன்றும் தின்னவில்லை. மறுநாள் அவருடைய துண்டைக் கூண்டின்மேல் போட்ட பிறகு பழம் தின்றது.

மாமா, உங்கள் கடிதம் வந்தால் நான் முதலில் பார்ப்பது “சௌபாக்கியவதி” என்ற சொல்லைத்தான். அதைப் பார்த்த பிறகுதான் மீதியைப் படிக்கிறேன். பத்து பெரண்டாம் ஊரிலிருந்து அவர் அண்ணன் பாலகிருஷ்ணன் இரண்டு தடவை வந்துவிட்டார். “வருஷம் திரும்பறதுக்குள்ள முடிவு பண்ணும்மா. இருக்கானா இல்லையான்னு தெரியாம எத்தன நாளைக்குத் தாலியோட உக்காந்திருப்ப?” என்று கேட்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று மாமா சொல்லியிருக்கிறார், அது போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மாசி பத்தாம் தேதி அவர் சைக்கிளில் கிளம்பியது உங்கள் தோட்டத்துக்குத்தான். அன்று அங்கே ஊரடங்கு போட்டுவிட்டதால் அவர் வரவேயில்லை என்றீர்கள். அன்று காலை நான்தான் இஸ்திரி போட்ட சட்டையைக் கொடுத்து மாற்றிக்கொள்ளச் சொன்னேன். அவருடைய அடையாளக் கார்டு பழைய சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. இன்னும் இங்கேதான் இருக்கிறது. கார்டு இல்லாமல் பஸ்ஸில்கூட ஏற முடியாத காலத்தில் அவர் எங்கே போயிருக்க முடியும்?

அத்தையை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள்,
கமலவேணி

*

முருகன் துணை

புக்கிட் செலாசி தோட்டம்.
6-5-1951

சௌபாக்கியவதி கமலவேணிக்கு மாமன் காளிமுத்து வாழ்த்தி எழுதுவது. சுகத்துக்குக் குறைவில்லை. அத்தைக்கு மட்டும் சரியாகத் தூக்கம் வருவதில்லை. வெயில் காலம்தானே.

நல்ல சேதி! சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு லோரிக்காரர் கணேசமூர்த்தியைக் கண்ணால் பார்த்திருக்கிறார். கப்பல் கம்பெனியில் வேலையாம். வெள்ளைக் கால்சட்டை, ஒரு தங்கப்பல். “மாமாவ ரொம்ப விசாரிச்சேன்னு சொல்லுங்க” என்றாராம். கார்டைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாய்? அந்தக் கம்பெனி துரை கையெழுத்துப் போட்டால் கார்டு என்ன, கடலே வழிவிடும்.

பவளம் பெண்தான் என்று உனக்கு இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு வித்தை சொல்கிறேன். ஒரு நூலில் மோதிரத்தைக் கட்டிக் கிளியின் தலைக்கு மேலே பிடி. வட்டமாகச் சுற்றினால் பெண். நேராக ஆடினால் ஆண். இந்த முறையில் கோழி, முயல் எல்லாம் பிரித்திருக்கிறேன். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

பவளம் அதிகமாகத் தட்டுகிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

ஆசியுடன்,
காளிமுத்து

*

தெங்கேரா.
2-7-1951

மாமாவுக்குக் கமலவேணியின் வணக்கம். அத்தைக்குத் தூக்கம் வந்ததா? தைலம் வாங்கித் தம்புசாமி அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஜாக்கெட் தையல் வேலை நிறைய வருகிறது. பொழுது போய்விடுகிறது.

என் கல்யாண மோதிரத்தை நூலில் கட்டிப் பிடித்துப் பார்த்தேன். வட்டமாகச் சுற்றவில்லை மாமா. நேராகத்தான் ஆடியது. கூண்டிலிருந்து வாசல் கதவுக்கும், கதவிலிருந்து கூண்டுக்கும். நான் பிடித்த விதம்தான் தப்போ என்னவோ. மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் வாசல் பக்கம்தான் போனது.

பவளம் தட்டுவது நின்றபாடில்லை. தினமும் மத்தியானம் தெருவில் ஆளோசை அடங்கியதும் ஆரம்பிக்கிறது. முதலில் மூன்று தட்டு. கொஞ்சம் பொறுத்து இரண்டு. அப்புறம் ஒன்று. அதன்பிறகு கழுத்தை நீட்டி, யாரோ வரப்போகிறார்கள் என்பதுபோலக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். பக்கத்து வீட்டு ஜெயா, “என்னக்கா, உங்க வீட்டுக்கு டெய்லி யாரோ வந்து கதவ தட்டறாங்க, நீங்க தொறக்கவே மாட்டறீங்க?” என்று கேட்டாள். கிளிதான் என்றேன். “கிளியா? கையால தட்டற மாதிரிலா இருக்கு” என்றாள்.

அவருடைய சிங்கப்பூர் விலாசத்தை அந்த லோரிக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். நான் கார்டைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன்.

கமலவேணி

*

முருகன் துணை

புக்கிட் செலாசி தோட்டம்.
5-7-1951

சௌபாக்கியவதி கமலவேணிக்கு மாமன் எழுதுவது. நலம், நலமறிய ஆவல். கடிதம் கிடைத்த கையோடு பதில் எழுதுகிறேன்.

துணி போட்டு மூடு என்று முதலிலேயே சொன்னேனே. கனமான துணியாகப் போடு. சாக்கு இருந்தால் இன்னும் நல்லது. மோதிரத்தை நீ சரியாகப் பிடித்திருக்க மாட்டாய். கட்டை விரல் மேலே இருக்க வேண்டும். எழுத மறந்தது என் தப்பு.

மாப்பிள்ளை இப்போது சிங்கப்பூரில் இல்லை. பினாங்குக்குப் போய்விட்டார். அங்கே சொந்தமாக ஒரு தேத்தண்ணிக் கடை. கூட்டம் சமாளிக்க முடியவில்லையாம். அதனால்தான் உனக்கு எழுத நேரமில்லை. விலாசம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நானும் யோசித்துப் பார்த்தேன். வாயில்லாத பிராணியைக் கூண்டில் அடைப்பது பாவம். அதைப் பறக்க விட்டுவிடேன். உனக்குப் புண்ணியம் சேரும். உன் அத்தையும் அதைத்தான் சொல்கிறாள். அவள் சொல்லவில்லை, ஆனால் மனதில் அதுதான் இருக்கும்.

காளிமுத்து

*

தெங்கேரா.
30-10-1951

மாமாவுக்குக் கமலவேணி வணங்கி எழுதுவது. மழைக்காலம், அத்தையை ஈரத்தில் நிற்க விடாதீர்கள். தீபாவளிக்கு அவருக்கும் ஒரு வேட்டி எடுத்து வைத்தேன்.

பவளத்தைப் பறக்க விடக் கூண்டைத் திறந்தேன். அது வெளியே வந்து, நடந்தே போய், வாசல் கதவின் அடியில் உட்கார்ந்துகொண்டது. கதவைத் திறந்துவிட்டும் பறக்கவில்லை. மறுபடி தூக்கி உள்ளே வைத்தேன்.

இன்னொரு விஷயம். அதன் மூக்கு சிவந்துவிட்டது மாமா. ஓரத்தில் தொடங்கி இப்போது மேல்மூக்கு முழுவதும் பவளமேதான். ஏதோ நோவு என்று பயந்து, தானியக் கடை கைருதீன் நானாவிடம் எடுத்துப் போனேன். அவர் கடையில் எப்போதும் நாலைந்து கூண்டு தொங்கும். பார்த்ததும் சிரித்தார்.

“யாரும்மா இதப் பொண்ணுன்னு சொன்னது?”

“எங்க மாமா. கழுத்துல வளையம் இல்லைன்னார்.”

“உங்க மாமா இந்தியாக் கிளி கணக்குப் பாத்திருக்காரு. வளையமெல்லாம் அதுக்குத்தான்லா. இது இந்த ஊரு காட்டுக் கிளி. மலாய்க்காரங்க பாயான்னு சொல்வாங்க. இதுல ஆணுக்கே வளையம் கெடையாது. மூக்கத்தான் பாக்கணும். குஞ்சுல எல்லாத்துக்கும் கறுத்துத்தான் இருக்கும். பொண்ணுக்குக் கடசி வரைக்கும் அப்பிடியே. ஆணுக்கு வயசு வந்தா மேல்மூக்கு செவக்கும், கன்னமும் செவக்கும். இது அசல் ஆம்பள.”

“அப்ப பேசுமா நானா?”

“பொண்ணே பேசும், யாரு பேசாதுன்னா? இவன் கேக்கவே வேணாம். எப்பவோ கேட்டத வச்சிருந்து, ஒரு வருஷங் கழிச்சுக்கூட எடுத்து விடுவான். எதுக்கும் வீட்டு ரகசியத்த எட்டப் போய் பேசுங்க!”

நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். நேற்று மத்தியானம் தட்டி முடித்த பிறகு, தொண்டைக்குள்ளேயே ஏதோ சொல்லிப் பார்த்தது. “மாமா” என்பதுபோல இருந்தது.

கமலவேணி

*

புக்கிட் செலாசி தோட்டம்.
1-11-1951

சௌபாக்கியவதி கமலவேணிக்கு. சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

கைருதீனுக்கு அரிசி, பருப்பு தெரியும், கிளி தெரியாது. மூக்கு சிவந்தது நீ மிளகாய்ப்பழம் கொடுத்ததால். பெண் கிளி பேசாது. பேசினாலும் அர்த்தமில்லாமல் எதையாவது உளறும். பாசாரில் கேட்டது, தெருவில் கேட்டது, எல்லாவற்றையும் கலந்து சொல்லும். அதை நம்பக் கூடாது.

அதை நீ வைத்துக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நானே வந்து எடுத்துக்கொண்டு போகிறேன். அதுவரை சாக்கை எடுக்காதே.

காளிமுத்து

*

தெங்கேரா.
20-11-1951

மாமாவுக்கு வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சமைத்து வைத்துக் காத்திருந்தேன். அடுத்த ஞாயிறும் நீங்கள் வரவில்லை. உடம்புக்கு முடியவில்லையா?

பேசிவிட்டது மாமா.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தேன். மூன்று தட்டு கேட்டது. வழக்கம்தானே என்று திரும்பவில்லை. அப்போது யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவர் பேசுவதற்கு முன்னால் செருமுவாரே, அதே மாதிரி. அப்புறம், “மாமா... நான்தான் மாமா. கதவத் தொறங்க” என்று கேட்டது.

அவர் குரல். நான் மிஷினைத் தள்ளிவிட்டு ஓடிப் போய் வாசல் கதவைத் திறந்தேன். பொட்டல் வெயில். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, இரண்டு தட்டு. “மாமா, கார்டு கையில இல்ல மாமா. தொறங்க.”

எந்த வீட்டில், எந்தக் கதவில் இதைக் கேட்டது? இங்கே வரும் முன்பு பவளம் உங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் இருந்ததில்லை.

பதில் எழுதுங்கள் மாமா.

கமலவேணி

*

தெங்கேரா.
22-1-1952

மாமாவுக்கு,

எல்லோரும் நலம்தானா? இரண்டு மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. பொங்கலுக்கும் இல்லை. ஆனால் அத்தை வந்தார்கள். நீங்கள் அனுப்பி வரவில்லை, வேலி வாசலில் வெளியே போகும் பாஸ் வாங்கிக்கொண்டு அவர்களாகவே வந்தார்கள் என்று புரிந்துகொண்டேன்.

வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கூண்டு எங்கே என்று கேட்டு, அதன் எதிரே தரையில் உட்கார்ந்தார்கள். காப்பி கலந்து வைத்தேன், ஆறிப்போனது. பன்னிரண்டு மணிக்குப் பவளம் தட்டியது. அவர் குரலில் கூப்பிட்டது. அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். அப்போது, இதுவரை நான் கேட்காத ஒன்றை அது சொன்னது. குசுகுசுவென்று, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல.

“சத்தம் போடாத அன்னம்மா. தானாப் போயிருவான்.”

அது உங்கள் குரல் மாமா.

“அத்த, இது என்ன அத்த?” என்றேன். அத்தை வாயிலிருந்து துணியை எடுத்தார்கள். “என் வாயப் பொத்துன கை இன்னும் போகல கமலா. இங்கேயே இருக்கு” என்று உதட்டைத் தொட்டுக் காட்டினார்கள். சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் மாசி பத்து வருகிறது. பாலகிருஷ்ணன் அண்ணன் அவர் காரியத்துக்கு ஐயரிடம் நாள் கேட்கப் போவதாகச் சொல்கிறார். நான் இன்றும் குங்குமம் வைத்திருக்கிறேன், நீங்கள் எழுதியதை நம்பி. பினாங்கு, தங்கப்பல் எதுவும் வேண்டாம். நான் யார் என்று மட்டும் எழுதுங்கள்.

கமலவேணி

*

புக்கிட் செலாசி தோட்டம்.
3-2-1952

கமலவேணிக்கு,

காளிமுத்து எழுதுவது.

உன் அத்தை திரும்பி வந்ததிலிருந்து என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள்.

அன்று பத்து மணிக்கு ஊரடங்கு போட்டார்கள். வெளியாள் எந்த வீட்டில் இருந்தாலும் அந்த வீட்டிலுள்ள எல்லோரையும் லோரியில் ஏற்றுவோம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வேலி அப்போது பாதிதான் முடிந்திருந்தது. அவருக்கு ஒன்றும் தெரியாது. ரப்பர் காட்டு வழியாக வந்துவிட்டார். எங்கள் வீடு லயத்தின் கடைசி வீடு. பின்கதவைத் தட்டினார்.

கதவுக்கும் எனக்கும் நாலு அடி. கிளி அவர் குரலைக் கேட்டுச் சிறகடித்தது. தாழ்ப்பாளில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். அந்தக் கையால்தான் அத்தையின் வாயைப் பொத்தினேன். மூன்று தட்டினார், பிறகு இரண்டு, பிறகு ஒன்று. அப்புறம் ஓடினார். வெடிச்சத்தம் இரண்டு கேட்டது.

சாயங்காலம் ஊரடங்கு எடுத்ததும் பார்த்தேன். சைக்கிள் என் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. ஹேண்டிலில் ஒரு சீப்பு வாழைப்பழம். சைக்கிளை ஆற்றில் தள்ளினேன். பழத்தைக் கிளிக்குப் போட்டேன். அது தொடவில்லை.

மறுநாள், தோட்டத்து ஸ்டோரில் இருப்பவனுக்கு எல்லோரையும் தெரியும் என்று என்னை மட்டும் டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கிடத்தியிருந்தார்கள். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. “இவன் உங்க தோட்டத்து ஆளா?” என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அது பொய் இல்லை. உன்னிடமும் ஊரிடமும் இந்த ஒரு வருஷமாக நான் சொன்னவற்றில் பொய் இல்லாதது அந்த ஒன்றுதான்.

கிளி தட்ட ஆரம்பித்ததும் என்னால் வீட்டில் இருக்க முடியவில்லை. பெண் கிளிதானே, பேசாது என்று நம்பித்தான் உன்னிடம் அனுப்பினேன். கிளி எனக்குத் தெரியாது. துரையின் சம்சாரம் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

இப்போது பவளம் இங்கே இல்லை. ஆனாலும் பன்னிரண்டு மணிக்குப் பின்கதவில் சத்தம் கேட்கிறது. அத்தைக்குக் கேட்கவில்லையாம். தினமும் எழுந்து போய்க் கதவைத் திறக்கிறேன். திறந்து, உள்ளே வா என்கிறேன். வெயில்தான் உள்ளே வருகிறது.

ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கும் சீனர் இடுகாட்டு வேலி ஓரத்தில் புதைத்தார்கள். மரக்கட்டையில் 14 என்று எழுதியிருக்கிறது. நீ வந்தால் காட்டுகிறேன். நான் கூட வர வேண்டாம் என்றால், தெற்கு மூலையிலிருந்து மூன்றாவது.

ஐயரிடம் சொல்ல வேண்டியது: நாள், நீ அவரை அனுப்பிய அதே மாசி பத்து. நேரம், பன்னிரண்டு அடித்துப் பத்து நிமிஷம்.

இதில் நான் எதையும் கூட்டவில்லை.

காளிமுத்து